பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறோம். மாதம் ஒருமுறை இலவச முகாமும் உண்டு. ஓடக்கூடிய பொருளைக் குப்பையில் போடுவது குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். போன வருடம் ஆறு முறை பிரஸ் ரிலீஸ் அனுப்பினோம். ஒரு வரிகூட வரவில்லை. "வித்தியாசமா ஏதாவது பண்ணுங்க, அப்பதான் மீடியா திரும்பிப் பார்க்கும்" என்கிறார்கள். பழைய மின்விசிறிகளை அடுக்கிக் கோபுரம் கட்டி சாதனை முயற்சி செய்யலாம் என்பது ஒரு நண்பரின் யோசனை. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. எடுபடுகிற யோசனைகளை எப்படிப் பிடிப்பது?

பதில்:

கோபுரம் வேண்டாம். அந்தப் படத்தைக் கேப்ஷன் இல்லாமல் ஒருவரிடம் காட்டினால் அவருக்கு என்ன புரியும்? பழைய இரும்புக் கடை விளம்பரம் என்று நினைப்பார். உங்கள் பெயரை எடுத்துவிட்டு மின்விசிறி தயாரிக்கும் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் படம் அப்படியே பொருந்தும். எந்த யோசனை வந்தாலும் முதலில் இப்படிப் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இன்னொருவருக்கும் அது சரியாகப் பொருந்தினால், அதில் உங்களுக்கென்று எதுவும் இல்லை.

வினோதம் எப்போது எடுபடும் என்பதற்கு மாலத்தீவு நல்ல உதாரணம். 2009 அக்டோபர் 17 அன்று அதிபர் முகமது நஷீதும் அமைச்சர்களும் முக்குளிப்பு உடையில் கடலுக்கடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் கைச்சைகையும் எழுதுபலகையும்தான். கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கையில் அங்கேயே கையெழுத்திட்டார்கள். கடல் மட்டம் உயர்ந்தால் இந்த நாடு மூழ்கும் என்பதை, ஒரு வரியும் படிக்காதவருக்கும் அந்தப் படம் சொல்லிவிட்டது. கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்கு இரண்டு மாதம் இருந்த நேரம் அது. எல்லா செய்தி அறைகளும் அந்த மாநாட்டுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தன. டிசம்பர் 4 அன்று நேபாள அமைச்சரவை எவரெஸ்ட் அருகே காலாபத்தரில், 5,200 மீட்டருக்கும் மேலே கூடியது. பார்த்துச் செய்ததுதான், ஆனாலும் எடுபட்டது. பனிப்பாறை உருகுவது நேபாளத்தின் சொந்தக் கவலை அல்லவா? வடிவத்தை இரவல் வாங்கலாம், விஷயத்தை வாங்க முடியாது.

உங்கள் விஷயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்த ஆறு ரிலீஸ்கள் ஏன் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவற்றை இணைக்கவில்லை. இருந்தாலும் இந்த வகைக் குறிப்புகளில் பெரும்பாலும் முதல் பத்தியில் தலைவர், செயலாளர் பெயர்கள், இரண்டாம் பத்தியில் சிறப்பு விருந்தினர், கடைசியில் "முகாம் இனிதே நிறைவுற்றது" என்று இருக்கும். நிறைவுற்ற விஷயத்தை நாளைய பேப்பரில் எதற்குப் போட வேண்டும்? நிருபர் காலை மீட்டிங்கில் செய்தி ஆசிரியர் முன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லித்தான் இடம் வாங்குகிறார். "ஒரு பட்டறை இலவச முகாம் நடத்தியது" என்ற வாக்கியத்தால் இடம் கிடைக்காது. பிரஸ் ரிலீஸ் என்ற வடிவத்தின் தொடக்கம் என்று அடிக்கடி சொல்லப்படுவது, 1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தின்போது மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ, பென்சில்வேனியா ரயில்வேக்காக எழுதிய குறிப்பு. விபத்தை மூடி மறைக்காமல் என்ன நடந்தது என்ற தகவலை முந்திக்கொண்டு கொடுத்தார்கள்; நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துப்போனார்கள். நிருபருக்கு இன்றும் வேண்டியது தகவல்தான். பாராட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

உங்களிடம் தகவல் இருக்கிறது. முகாமுக்கு வந்த ஒவ்வொரு பொருளையும் ஏதோ ஒரு நோட்டில் எழுதியிருப்பீர்கள். வேறு எவரிடமும் இல்லாதது அந்த நோட்டு ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி அதைக் கணினியில் ஏற்றுங்கள். பொருள் என்ன, வாங்கி எத்தனை வருடம், கொண்டுவந்தவர் சொன்ன குறை, உண்மையில் கண்ட குறை, மாற்றிய பாகம், அந்தப் பாகத்தின் விலை புதிய பொருளின் விலையில் எத்தனை சதவீதம், சரியானதா, ஆகவில்லை என்றால் ஏன் என்று எட்டு காலம் (நெடுவரிசை) போதும். இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் தங்கம். மக்கள் நினைப்பதற்கும் நடப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் செய்தி பிறக்கிறது.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். மிக்ஸி ஓடவே மாட்டேன் என்கிறது, மோட்டார் போய்விட்டது என்று கொண்டுவருவார்கள். அடியைத் திருப்பினால் சின்னதாக ஒரு பட்டன் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். அளவுக்கு மீறி அரைத்ததில் ஓவர்லோடு ஸ்விட்ச் தட்டியிருக்கிறது. ஆறவிட்டு, விரலால் உள்ளே அழுத்தினால் ஓடும். வேலை அவ்வளவுதான். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பல நேரம் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும். சீலிங் ஃபேனில் பொதுவாக 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபாரட், கட்டை விரல் அளவுப் பாகம். வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் வடிகட்டியில் ஒரு நாணயமோ ஹேர்பின்னோ மாட்டியிருக்கும். பட்டறையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தினம் பார்த்துச் சலித்த சங்கதி. அதனால்தான் செய்தி என்று தோன்றுவதில்லை. வெளியில் இருப்பவரோ இதைக் கேட்டதும், "அப்ப நான் தூக்கிப் போட்டது நல்லாத்தான் இருந்ததா?" என்பார். அந்தக் கேள்வி வருகிற இடத்தில் செய்தி இருக்கிறது.

யோசனை எடுக்க ஐவரும் உட்காரும்போது எடுத்தவுடன் பேசத் தொடங்காதீர்கள். முதலில் வாய் திறப்பவர் போகும் திசையிலேயே மற்றவர்களும் போவார்கள். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதிலேயே பாதி யோசனை மறந்தும் போகும். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, கூட்டாக உட்கார்ந்து யோசித்தவர்களைவிட அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்தபோது அதிகம் கிடைத்தது என்று கண்டது. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே காட்டின. ஆகவே இருபது நிமிடம் மௌனமாக எழுதுங்கள். ஒருவருக்கு ஆறு வரி, மொத்தம் முப்பது. பிறகு பேசுங்கள்.

எழுதும்போது இந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் எதைத் தப்பாக நம்புகிறார்கள்? போன வருடத்தைவிட எது அதிகமாக வருகிறது, எது வருவதே நின்றுபோனது? எந்தப் பொருளை நீங்கள் திருப்பி அனுப்புகிறீர்கள், ஏன்? பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டியிருப்பதாலா, திருகு திறக்கவே முடியாத வடிவத்தில் இருப்பதாலா, உதிரிபாகம் கிடைக்காததாலா? உங்கள் கருத்தோடு யார் ஒத்துப்போக மாட்டார்கள்? சரியாகாது என்று தெரிந்தும் யார் எதைக் கொண்டுவருகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு நோட்டில் பதில் இருக்காது, நினைவில் இருக்கும். அப்பா கேட்ட ரேடியோவோடு வந்தவரை உங்களில் ஒருவராவது மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு இணைப்புக்கு அந்த ஒருவர் போதும், புள்ளிவிவரமே தேவையில்லை.

முப்பது வரியில் இருபத்தைந்து உதவாது. கழிப்பதற்கு எளிய வழி, ஒவ்வொன்றையும் எட்டு வார்த்தைக்குள் தலைப்பாக எழுதுவது. "பழுது பார்ப்பதன் அவசியம் குறித்து விழிப்புணர்வு" என்று வந்தால் அடித்துவிடுங்கள், அது நோட்டீஸ். "பழுது என வந்ததில் ஆறில் ஒன்று நன்றாகவே இருந்தது" என்று வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "நல்ல விஷயம்" என்று சொன்னால் போச்சு. "அப்படியா, எப்படி?" என்று கேட்டால் ஜெயித்தது. அதன்பின் கடந்த ஒரு வருடத்தில் அதே கோணத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் அதன் அடுத்த கட்டம் என்ன என்று யோசிக்க வேண்டும். அதே கட்டுரையை இரண்டாம் முறை எந்த டெஸ்க்கும் எடுக்காது.

நல்ல விஷயமாக இருந்தும் சில யோசனைகள் போகாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1965-ல் கால்டுங், ரூகே என்ற இருவர் நார்வே நாளிதழ்களில் வெளிநாட்டுச் செய்திகளை ஆராய்ந்து எது செய்தியாகிறது என்பதற்குப் பன்னிரண்டு காரணிகளைப் பட்டியலிட்டார்கள். அதில் முதலாவது, நிகழ்வின் வேகம் செய்தித்தாளின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது. ஒரே நாளில் நடந்து முடிவது எளிதில் செய்தியாகும். பத்து வருடமாக மெல்ல வளர்வது ஆகாது. உங்கள் விஷயம் இரண்டாவது ரகம். குப்பை தினமும்தான் சேர்கிறது, அதில் இன்றைக்கு என்ன புதிது?

இதற்கு வழி, மெதுவாக நடப்பதற்கு ஒரு தேதியைக் கொடுப்பது. அணு விஞ்ஞானிகளின் இதழ் ஒன்று 1947-ல் ஊழிக் கடிகாரம் என்ற ஒன்றை அட்டையில் போட்டது. நள்ளிரவு என்றால் உலக அழிவு; முள் நின்றது நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் முன்னால். அணு ஆயுத ஆபத்து என்பது கண்ணுக்குத் தெரியாதது, வருடக்கணக்காக இருப்பது. ஆனால் முள் நகர்ந்தது என்றால் அது அன்றைய செய்தி. 2025 ஜனவரியில் நள்ளிரவுக்கு 89 விநாடி என்று அறிவித்தபோதும் உலகப் பத்திரிகைகள் எழுதின. கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, ஒரு எண், ஒரு நாள், ஒவ்வொரு முறையும் அதே வடிவம். நீங்களும் வருடத்துக்கு ஒருமுறை, ஒரே தேதியில், ஒரு பக்கத்துக்குள் "பழுதுக் கணக்கு" வெளியிடலாம். முதல் வருடம் சிறிதாகத்தான் வரும். இரண்டாம் வருடம் ஒப்பிட எண் இருக்கும், ஒப்பீடு இருந்தால் தலைப்பு தானே வரும்.

தேதிக்கு உலக மின்கழிவு நாளான அக்டோபர் 14-ஐயோ, அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை வரும் பழுதுபார்ப்பு நாளையோ பிடித்துக்கொள்ளலாம். அன்றைக்கே அனுப்பினால் எல்லோருடைய மெயிலோடும் உங்களுடையதும் கிடக்கும். பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். நிருபருக்கு ஆள் பிடிக்கவும் படம் எடுக்கவும் அவகாசம் வேண்டும். உலக அளவில் 2022-ல் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இருக்கிறது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. இந்த எண்ணைப் பின்னணியாக ஒரு வரியில் வையுங்கள். தலைப்பில் வைக்காதீர்கள், அது எல்லோர் கையிலும் இருக்கிற எண்.

இனி மெயில். ஒரு மாதிரி தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் நோட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

பொருள்: பழுது என்று வந்த 312-ல் 52 சாதனங்கள் நன்றாகவே இருந்தன – ஓராண்டுப் பதிவேடு

வணக்கம். சர்வீஸ் சென்டர் கட்டணங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதையொட்டி ஒரு தகவல். எங்கள் முகாம்களுக்கு ஓராண்டில் 312 வீட்டுச் சாதனங்கள் வந்தன. அவற்றில் 52-ல் எந்தப் பழுதும் இல்லை. ஓவர்லோடு பட்டன் தட்டியிருந்தது, வடிகட்டி அடைத்திருந்தது போன்றவைதான் காரணம். இந்த 52 பேரில் 19 பேர் அதற்குள் புதியது வாங்கிவிட்டார்கள். இருவர் பெயர், படத்துடன் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். பதிவேட்டை நீங்கள் முழுதாகப் பார்க்கலாம். இது எங்களிடம் வந்தவர்களின் கணக்கு மட்டுமே, பொதுமக்கள் அனைவருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. அடுத்த முகாம் சனிக்கிழமை காலை 10 மணி. வேறு யாருக்கும் இதை அனுப்பவில்லை. புதன் மாலை வரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். பெயர், கைபேசி எண்.

பட்டறையின் வரலாறு, உங்கள் நோக்கம், தலைவர் சொன்னது எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிருபர் கேட்டால் சொல்லலாம். முதல் வரி அவருடைய கட்டுரையைக் குறிப்பிடுகிறது. அதற்கு அவர் கடைசியாக எழுதிய ஐந்தையாவது படித்திருக்க வேண்டும். கிரிக்கெட் செய்தி எழுதும் நிருபருக்கு மிக்ஸி மெயில் போனால் அடுத்த மெயிலும் திறக்கப்படாது. "எங்களிடம் வந்தவர்களின் கணக்கு மட்டுமே" என்று எல்லையைச் சொல்லும் அந்த வரியை எடுத்துவிடலாமே என்று உங்களில் ஒருவர் சொல்வார். எடுக்காதீர்கள். முகாமுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பழுது பார்க்க நினைப்பவர்கள், ஆகவே கணக்கு ஒருபக்கம் சாயும். அதை நீங்களே சொன்னால் நேர்மை. நிருபரோ வாசகரோ கண்டுபிடித்தால் மானம் போகும். நூறு பொருளுக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் பேச வேண்டாம், "80-ல் 13" என்று எண்ணிக்கையாகவே சொல்லுங்கள்.

ஒருவருக்கு மட்டும் என்று சொன்னால் அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். அவர் வேண்டாம் என்றாலோ, சொன்ன நேரம் தாண்டினாலோ அடுத்தவருக்குப் போங்கள். ஒரே பத்திரிகையில் இரண்டு நிருபர்களுக்குத் தனித்தனியாக அனுப்புவது அவர்களுக்குள் சண்டை மூட்டிவிடும் வேலை. பழி உங்கள் மேல் விழும். நினைவூட்டல் ஒரே ஒருமுறை, இரண்டு நாள் கழித்து, அதுவும் புதிதாக ஏதாவது ஒரு தகவலோடு. "என் மெயில் கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டு மாலை நேரத்தில் போன் போடாதீர்கள், பக்கம் முடிக்கிற நேரம் அது. காலை மீட்டிங் முடிந்த பிறகு, மதியத்துக்கு முன் கூப்பிட்டால் பேசுவார்கள்.

தமிழில் அனுப்புபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் எழுத்துரு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு செய்தி அறையில் திறந்தால் வெறும் கிறுக்கலாக நிற்கும். பிடிஎஃப் அனுப்பினால் அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அதைத் திருத்திக்கொண்டிருக்க துணை ஆசிரியருக்கு நேரம் இல்லை. யூனிகோடில், மெயிலின் உடம்பிலேயே எழுதுங்கள். படங்களை மெயிலோடு இணைக்காமல் லிங்க் கொடுங்கள். மூன்று போதும், ஒன்றாவது படுக்கைவாட்டில், 2,000 பிக்சல் அகலத்துக்குக் குறையாமல். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். படத்தில் இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி வையுங்கள். பேனர் முன்னால் வரிசையாக நிற்கும் படம் வேண்டாம். திருப்பிப் போட்ட மிக்ஸி, பட்டன் மேல் ஒரு விரல், பின்னால் உரிமையாளரின் முகம் என்று எடுங்கள். டிவிக்கு இதே காட்சி, ஓடத் தொடங்கும் சத்தத்தோடு. பைட் (கேமரா முன் சொல்லும் சில வரி) கொடுப்பவர் இருபது விநாடிக்குள் முடிக்கப் பழக வேண்டும்.

கண்ணி வெடிகள் சில உண்டு. "முதன்முறையாக" என்று எழுதாதீர்கள், வேறு எங்கோ ஒருவர் போன வருடமே செய்திருப்பார். எந்த பிராண்ட் அதிகம் பழுதாகிறது என்று நிருபர் கட்டாயம் கேட்பார். அந்த ஆசைக்கு விழாதீர்கள். அதிகம் விற்கும் பிராண்ட்தான் அதிகம் வரும், அதைத் தரக் குறைவு என்று சொல்ல உங்கள் கணக்கு போதாது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் தாங்கவும் மாட்டீர்கள். பொருளின் வகையைச் சொல்லி நிறுத்துங்கள். பேசச் சம்மதித்தவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள், பேட்டிக்கு முந்தின நாள் இன்னொருமுறை கேளுங்கள். கடைசி நிமிடத்தில் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று பின்வாங்குவது சகஜம், ஆகவே இருவர்.

பொய்ச் செய்தி விட்டுக் கவனம் பிடிக்கலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கக் கிளை 2021 மார்ச் கடைசியில், மின்சாரக் கார்களைக் குறிக்கப் பெயரை "வோல்ட்ஸ்வாகன்" என்று மாற்றுவதாக அறிவித்தது. பெரிய ஊடகங்கள் உண்மை என்று நம்பி எழுதின. பிறகுதான் ஏப்ரல் முதல் தேதி விளையாட்டு என்றார்கள். கவனம் கிடைத்தது, நிருபர்களின் கோபமும் கிடைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் அடுத்த மெயிலையும் நிருபர்கள் திறந்துதான் ஆக வேண்டும். சின்னப் பட்டறையின் மெயிலைத் திறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

செய்தி வருவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளியான காலையிலிருந்து போன் அடிக்கும். முகாமுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு பேர் மூட்டையோடு வருவார்கள். ஐந்து பேரால் ஒரு நாளில் எத்தனை பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டு, முன்பதிவு எண்ணையும் அந்த வரம்பையும் நிருபரிடம் கொடுத்துச் செய்தியிலேயே போடச் சொல்லுங்கள். ஒருவர் டோக்கன் கொடுக்கவும் வந்தவற்றைப் பதியவும் மட்டும் இருக்கட்டும், ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பதிவு விட்டுப்போனால் அடுத்த வருடக் கணக்கில் மிகப் பெரிய நாளே காணாமல் போயிருக்கும்.